முருங்கைப் பொடி இரண்டு மாதத்தில் வைக்கோல் வாசம் அடிக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் மேடம். கரூர் மாவட்டத்தில் அரவக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். மகளிர் குழுவில் ஆறு பேர் சேர்ந்து முருங்கை இலைப் பொடி செய்து விற்கிறோம். சாயங்காலம் கொப்போடு ஒடித்து வந்து, துணியில் சுற்றி வைத்து, காலையில் உதிர்த்து, அலசி, மாடியில் மேலே சேலை கட்டி நிழலில் காயவைக்கிறோம். மாவு மில்லில் அரைத்து, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுக்கிறோம். புதிதில் பச்சைப்பசேல் என்று இருக்கிறது, இரண்டு மாதத்தில் பழுப்பேறி வைக்கோல் வாசம் வந்துவிடுகிறது. நிறம் நிற்கட்டும் என்று இப்போது அலசுகிற தண்ணீரில் ஆப்பசோடா சேர்க்கிறோம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், நானோ முறையில் சத்தைப் பூட்டி வைக்கிற மெஷின் 6 லட்சம், கடன் ஏற்பாடு செய்து தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? அப்புறம் எங்கள் லேபிளில் ரத்தசோகை நீங்கும், ஆரஞ்சை விட 7 மடங்கு வைட்டமின் சி என்று போட்டிருக்கிறோம். மாசமாக இருக்கும் தன் மகள் இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிட்டு இந்தப் பொடியையே சாப்பிடுகிறாள் என்று ஒரு அம்மா சந்தோஷமாகச் சொன்னார். அது சரிதானா? (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது காத்திருக்கக் கூடாது. அந்த அம்மாவை இன்றைக்கே கூப்பிடுங்கள். மகள் மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வேண்டும், அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது இடையில் நிறுத்தியிருந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொடி சாப்பிடுவதில் தவறில்லை, ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அது நிற்காது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் பச்சை முருங்கை இலையில் இரும்பு சுமார் நாலரை மில்லிகிராம். அந்த 100 கிராம் காய்ந்தால் கிட்டத்தட்ட 25 கிராம் பொடி வரும். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராம் பொடி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டால் அது 20 கிராம் பச்சை இலை, அதில் இருக்கும் இரும்பு 1 மில்லிகிராம்கூட இல்லை. கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கிற ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இருக்கிறது. இதில் இன்னொன்றும் உண்டு. கீரையில் இருக்கும் இரும்பை அதே கீரையில் உள்ள பைட்டேட் என்கிற பொருளும் துவர்ப்புப் பொருள்களும் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அதனால் அந்த 1 மில்லிகிராமிலும் உடம்பில் சேர்வது சின்னப் பங்குதான். எலுமிச்சைச் சாறு பிழிந்து சாப்பிட்டால் கொஞ்சம் கூடும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். எப்படிப் பார்த்தாலும் ரத்தசோகைக்கு இது மருந்து ஆகாது.

இதைப் படித்து மனசு விட்டுப் போக வேண்டாம். முருங்கை இலையின் உண்மையான சொத்து இரும்பு இல்லை, பீட்டா கரோட்டின். உடம்பு வைட்டமின் ஏ செய்துகொள்வது இதிலிருந்துதான். 100 கிராம் பச்சை இலையில் சுமார் 17,500 மைக்ரோகிராம் இருக்கிறது. அதே 5 கிராம் பொடிக் கணக்கைப் போட்டால், வழியில் எதுவும் தொலையாமல் வந்தால், 3,500 மைக்ரோகிராம். உணவில் வருகிற கரோட்டின் பன்னிரண்டு பங்குக்கு ஒரு பங்கு வைட்டமின் ஏ என்று கணக்கு வைப்பார்கள், அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட 290 மைக்ரோகிராம். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 840 மைக்ரோகிராம் வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020இல் சொன்ன அளவு. ஆக, 5 கிராம் பொடியில் நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். இவ்வளவு கொஞ்சம் பொடியில் இது பெரிய விஷயம்! ஆனால் 'வழியில் எதுவும் தொலையாமல் வந்தால்' என்று சொன்னேனே, அந்த இடத்தில்தான் உங்கள் பொடி மாட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பளிச்சென்று பட்டது, சாயங்காலம் ஒடித்துத் துணியில் சுற்றி வைக்கிறோம் என்கிற வரி. நம் எல்லார் வீட்டிலும் செய்கிறதுதான், என் அம்மாவும் அப்படித்தான் செய்வார், காலையில் துணியை உதறினால் இலை தானாகக் கொட்டும், காம்பை ஆய்கிற வேலை மிச்சம். வீட்டுக்கு ஒரு கட்டுக் கீரை என்றால் அதில் பெரிய நஷ்டம் இல்லை. நீங்கள் மூட்டைக் கணக்கில் செய்கிறீர்கள். இன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி வாக்கில் அந்த மூட்டையின் நடுவே கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். பறித்த பிறகும் இலை மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. குவித்துக் கட்டிவிட்டால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. காம்பிலிருந்து இலை தானாகக் கழன்று விழுகிறது என்றாலே இலை முதுமைக்குப் போய்விட்டது என்று அர்த்தம், அந்த முதுமையில் இலைக்குள் இருக்கும் நொதிகள் தங்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன.

அந்த நொதிகளில் ஒன்றை மட்டும் பேர் சொல்லி அறிமுகப்படுத்துகிறேன், லிப்பாக்சிஜனேஸ். இலையில் கொஞ்சம் கொழுப்பு உண்டு, அதில் பெரும்பங்கு லினோலெனிக் அமிலம். இந்த நொதி அந்தக் கொழுப்பைக் காற்றோடு சேர்த்து உடைக்கும். உடையும்போது வருகிற பொருள்களில்தான் அந்த வைக்கோல் வாசம், காய்ந்த புல் வாசம் எல்லாம் இருக்கிறது. அதே நேரத்தில் பக்கத்தில் இருக்கிற கரோட்டினையும் இழுத்துச் சிதைத்து நிறமில்லாததாக ஆக்கிவிடும். வாசத்தைக் கெடுப்பதும் கரோட்டினைத் தின்பதும் ஒரே திருடன் என்று சொன்னால் சரியாக இருக்கும். அதனால் வைக்கோல் வாசம் அடிக்கிற பொடியில் சத்து மட்டும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வழியில்லை. நீங்கள் காயவைக்கும்போது இந்த நொதி சாகவில்லை, ஈரம் இல்லாததால் மயங்கிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் மூடியைத் திறந்து திறந்து மூடினால் ஈரம் பட்டு மறுபடி எழுந்துவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டது படிக்கிற காலத்தில். பொடியை ஒரு கரைப்பானில் ஊறவைத்து, அந்தச் சாற்றை வெள்ளைத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் மேலிருந்து விட்டால் நிறங்கள் தனித்தனியாகப் பிரிந்து இறங்கும். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம் முன்னால் ஓடி வரும், அதுதான் கரோட்டின், பச்சையம் பின்னால் மெதுவாக வரும். புதுப் பொடியில் அந்த ஆரஞ்சு வளையம் மாம்பழச் சாறு மாதிரி திண்ணென்று இருந்தது. ஆறு மாதம் கண்ணாடி ஜாடியில் ஜன்னலோரம் கிடந்த பொடியில், வளையம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இரண்டு பொடியும் ஒரே மரத்து இலை. அன்றையிலிருந்து எந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாலும் எனக்கு அந்தக் குழாய்தான் ஞாபகம் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? விடியற்காலையில் ஒடியுங்கள், அன்றைக்கே உருவுங்கள். ஆறு பேருக்குக் காலை இரண்டு மணி நேரம் கூடுதல் வேலைதான், தெரிந்துதான் சொல்கிறேன். உருவ ஆள் போதவில்லை என்றால் கொப்பைக் குறைவாக ஒடியுங்கள், ஆனால் ராத்திரி மூட்டை வேண்டாம். வண்டியில் கொண்டுவரும்போதும் சாக்கில் அமுக்காமல் காய்கறிக்காரர்கள் வைத்திருக்கும் ஓட்டை பிளாஸ்டிக் கூடையில் கொண்டு வாருங்கள்.

அடுத்தது ஆவி. உங்களுக்குச் சொல்வதில் மிக முக்கியமானது இதுதான். அலசி, தண்ணீரை உதறி, பெரிய இட்லிப் பானையில் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, நன்றாக ஆவி வந்த பிறகு உள்ளே வைத்து இரண்டு நிமிடம். எடுத்த உடனே பரப்பி மின்விசிறியின் கீழ் ஆறவிடுங்கள், குவித்து வைத்தால் உள்சூட்டிலேயே வெந்துபோகும். அந்த இரண்டு நிமிடத்தில் நொதிகள் செத்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் முக்கியும் செய்யலாம்தான், ஆனால் தண்ணீரில் கரைகிற வைட்டமின்கள் அதோடு போய்விடும், ஆவி அவ்வளவு எடுக்காது. நொதி செத்ததா என்று பார்க்க ஆய்வகத்தில் குவாயகால் என்கிற மருந்து வைத்திருப்பார்கள். உங்களுக்கு மருந்துக்கடையில் புண் கழுவ விற்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். ஆறிய இலை ஒன்றை நசுக்கி அதன் மேல் ஒரு சொட்டு விடுங்கள், பச்சை இலையிலும் ஒரு சொட்டு விட்டு ஒப்பிடுங்கள். பச்சை இலையில் நுரைத்துக்கொண்டு வரும். ஆவி பட்டதில் நுரை வந்தால் நேரம் போதவில்லை. நுரை நின்ற பிறகும் இன்னொரு அரை நிமிடம் சேர்த்து வையுங்கள், ஏனென்றால் நுரை வரவைக்கிற நொதி சீக்கிரம் சாகும், மற்ற சில இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். சோதித்த இலையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், தட்டில் சேர்க்க வேண்டாம்.

ஆவி காட்டிய இலை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் இன்னும் மெல்லிசாகப் பரப்ப வேண்டியிருக்கும், பொடியும் கொஞ்சம் கரும்பச்சையாக வரும். பழைய வாடிக்கையாளர்கள் கேட்பார்கள், பதில் சொல்லத் தயாராக இருங்கள். சேலைப் பந்தல் நல்ல யோசனைதான், வெளிர் நிறச் சேலையாக இருந்தால் வெளிச்சம் இறங்கும், மேலே ஒரு கறுப்புத் துணியும் போடுங்கள். சூரிய உலர்த்தி வாங்குவதாக இருந்தாலும் கண்ணாடிக் கூரை வழியாக வெயில் நேரே இலையில் விழுகிற வகை வேண்டாம், சூடான காற்று மட்டும் உள்ளே வருகிற வகையாகப் பாருங்கள். சூடு 50, 55 டிகிரியைத் தாண்ட வேண்டாம். இலையைக் கையில் எடுத்து நொறுக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் காயவைக்கவே வேண்டாம், மூன்று நாள் ஈரத்தில் கிடந்தால் சத்து போவது ஒரு பக்கம், பூஞ்சை வருவது அதைவிட ஆபத்து.

ஆப்பசோடாவை இன்றோடு விடுங்கள். காரம் சேர்ந்தால் பச்சையம் பச்சையாகவே நிற்கும் என்பது உண்மை. இல்லாவிட்டால் பச்சையத்தின் நடுவில் இருக்கிற மெக்னீசியம் கழன்று பழுப்பாகிவிடும், உங்கள் பொடி பழுப்பேறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் காரம் வைட்டமின் சி-யையும் தயாமின் என்கிற வைட்டமின் பி1-ஐயும் கெடுத்துவிடும். நிறம் நின்றால் சத்தும் நிற்கிறது என்று வாங்குகிறவர் நம்புகிறார். உள்ளே அது இல்லாமல் நிறத்தை மட்டும் காப்பாற்றித் தருவது சரியில்லை.

அப்புறம் அந்தத் தெளிவான டப்பா. பச்சையத்தின் மேல் வெளிச்சம் பட்டால் அது காற்றில் இருக்கும் ஆக்சிஜனை மூர்க்கமாக்கிவிடும், அந்த ஆக்சிஜன் நேரே கரோட்டினைத்தான் தாக்கும். செடியில் உயிரோடு இருக்கும்போது இதே கரோட்டின்தான் அந்தத் தாக்குதலைத் தாங்கி இலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, பொடியிலும் அதையே செய்து தானும் தீர்ந்து போகிறது. கடைக்காரர் உங்கள் டப்பாவை எல்லாரும் பார்க்கட்டும் என்று முன்வரிசையில் டியூப்லைட்டுக்குக் கீழே வைக்கிறாரே, அங்கே தினமும் இதுதான் நடக்கிறது. காப்பித்தூளுக்கு வருகிற மாதிரி உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பைக்கு மாறுங்கள். 50 கிராம் பையாகப் போடுங்கள், திறந்தால் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட வேண்டும். காற்றை வெளியேற்றி ஒட்டுங்கள், ஆக்சிஜனை உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் ஒன்று உள்ளே போட்டால் இன்னும் நல்லது. இலையாகக் காய்ந்ததை மொத்தமாக இருட்டில் வைத்துக்கொண்டு ஆர்டர் வந்த பிறகு அரைப்பது எல்லாவற்றையும் விட நல்லது, அரைத்துவிட்டால் காற்று படுகிற பரப்பு பல மடங்காகிவிடுகிறது. சூடும் முக்கியம். பத்து டிகிரி கூடினால் இந்த மாதிரிச் சிதைவுகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். உங்கள் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்த பைக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது 6 லட்சம். வாங்க வேண்டாம். கடன் வாங்கவே வேண்டாம். கோபமாகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தத் தொழில்நுட்பம் பொய் இல்லை, அதை உங்களிடம் விற்பதுதான் தப்பு. சத்தை ஒரு மெல்லிய உறைக்குள் அடைத்துக் காப்பாற்றுவது உணவு அறிவியலில் பல காலமாக நடக்கிற நல்ல வேலை. நம் ஊரிலேயே பக்கத்து உதாரணம் இருக்கிறது, இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பு, தமிழ்நாடு உப்புக் கழகம் சத்துணவுக்குக் கொடுத்தது. ஒரே உப்பில் இரண்டையும் சும்மா கலந்தால் இரும்பு அயோடினைச் சீண்டி ஆவியாக ஓட விட்டுவிடும், உப்பும் நிறம் மாறும். இதற்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு வழி கண்டது, இரும்பை அயோடினோடு சண்டை போடாமல் பிடித்து வைக்கிற ஒரு பாஸ்பேட் உப்பைச் சேர்ப்பது. டொராண்டோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் இன்னொரு வழி கண்டார்கள், இரும்புத் துகளைச் சுற்றி உறைந்த சோயாக் கொழுப்பால் மேல்பூச்சு கொடுப்பது. உப்பில் கிடக்கும் வரை இரும்பு அயோடினைத் தொடாது, வயிற்றுக்குள் போனதும் பூச்சு கரைந்து இரும்பு வெளியே வந்துவிடும். எவ்வளவு அழகான யோசனை! அங்கே அது தேவைப்பட்டது, ஏனென்றால் ஒன்றையொன்று கெடுக்கிற இரண்டு பொருள்களை ஒரே பொட்டலத்தில் வைக்க வேண்டியிருந்தது.

உங்களிடம் இருப்பது முழு இலைப் பொடி. அவர் சொல்கிற மெஷின் என் ஊகப்படி தெளித்து உலர்த்துகிற வகை, பால் பவுடர் செய்கிறார்களே அது. திரவத்தை மால்டோடெக்ஸ்ட்ரின் மாதிரி மாவுப்பொருளோடு கலந்து சூடான காற்றில் தெளித்தால் துகள் துகளாக உறை கட்டி விழும். அதற்கு முதலில் இலையிலிருந்து கரோட்டினைப் பிரித்தெடுக்க வேண்டும், எண்ணெயில் கரைத்துத் தண்ணீரோடு பால் மாதிரி கலக்க வேண்டும், ஒவ்வொன்றையும் சோதிக்க ஆய்வகம் வேண்டும். காய்ந்த இலைத்தூளை அதில் போட்டால் எதுவும் பூட்டிக்கொள்ளாது. உறைக்கான மாவுப்பொருளே பாதி எடைக்கு மேல் போய்விடும், அப்புறம் அதை முருங்கைப் பொடி என்று விற்கவும் முடியாது. நம்பிக்கை வராவிட்டால் அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதே மெஷினில் செய்த முருங்கைப் பொடிக்கு, செய்த அன்றும் ஆறு மாதம் கழித்தும் எடுத்த கரோட்டின் அளவு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் தாளில் காட்டுங்கள். கையில் காசு இருந்தால் ஒரு சின்ன மின்சாரத் தட்டு உலர்த்தியும், பை ஒட்டுகிற மெஷினும் வாங்குங்கள். முடிவு செய்வதற்கு முன்னால் ஒருமுறை பஸ் ஏறித் தஞ்சாவூரில் நிப்டெம் என்கிற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் போய் வாருங்கள், புதிதாகத் தொழில் செய்கிறவர்களுக்கு அங்கே பயிற்சியும் இருக்கிறது, சோதனைக் கூடமும் இருக்கிறது.

பொட்டலத்தில் சத்து நின்றால் மட்டும் போதாது, அது உடம்பில் ஏற வேண்டும். கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். இப்போது முருங்கை டீ என்று வெந்நீரில் போட்டு வடிகட்டிக் குடிக்கிறார்கள், கரோட்டின் அந்தச் சக்கையிலேயே தங்கிக் குப்பைக்குப் போகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ இருந்தால் போதும், கரோட்டின் நன்றாக ஏறும். அதனால் என் யோசனை, வெறும் பொடியோடு நிற்காமல் இட்லிப் பொடியாகவும் பருப்புப் பொடியாகவும் போடுங்கள். உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள் எல்லாம் வறுத்து, நன்றாக ஆறிய பிறகு கடைசியில் முருங்கைப் பொடியைக் கலந்துவிடுங்கள், வாணலியில் போட்டு வறுக்காதீர்கள். நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்துச் சாப்பிடப் போகிற பொருள், கரோட்டினுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. குழம்பில் போடுகிறவர்களுக்கும் இறக்கப்போகும் நேரத்தில் போடச் சொல்லுங்கள்.

லேபிளில் இருக்கிற இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள். நோய் நீங்கும் என்று உணவுப் பொட்டலத்தில் போட எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி இடம் தருவதில்லை, அதைவிடப் பெரிய காரணம் அந்தக் கர்ப்பிணிப் பெண். ஆரஞ்சை விட 7 மடங்கு என்பது பச்சை இலையை வைத்துச் சொல்வது, பச்சை இலைக்கே அது மிகை. பச்சை இலை 100 கிராமில் வைட்டமின் சி 100 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது உண்மைதான், ஆனால் காயவைப்பதில் முதலில் போவதே அதுதான், பொடிக்கு அந்தக் கணக்கை ஒட்டக் கூடாது. இரும்பு அதிகம் என்று ஆய்வக அறிக்கை வந்தாலும் உடனே நம்ப வேண்டாம், மண் தூசியும் மில்லின் இரும்புத் தேய்மானமும் பொடியில் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும், அந்த இரும்பு உடம்புக்கு அவ்வளவு பயன்படாது. கரோட்டினைச் சோதித்து அந்த அளவையும் பறித்த தேதியையும் போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடவும் என்று சின்னதாக ஒரு வரி சேருங்கள், முருங்கையில் வைட்டமின் கே அதிகம்.

இந்த வாரமே ஒரு சோதனை ஆரம்பியுங்கள். ஒரு நாள் இலையைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆவி காட்டியும் ஒரு பாதிக்குக் காட்டாமலும் காயவையுங்கள். இரண்டையும் தெளிவான டப்பாவில் கொஞ்சம், அலுமினியப் பையில் கொஞ்சம் என்று நான்காகப் பிரித்து, மேலே தேதி எழுதி, கடை அலமாரியில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒன்றரை மாதம் கழித்து ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து திறந்து மோந்து பாருங்கள். எதில் வைக்கோல் வாசம் வந்தது, எதில் வரவில்லை என்று எனக்கு எழுதுங்கள், ஆய்வகத்துக்கு எந்தப் பையை அனுப்புவது என்று அப்போது பேசலாம். அந்தக் கர்ப்பிணியின் அம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.